கடைமடைச் செல்கள்

“எங்கப்பா வாழ்நாள்ல ஒரு சொட்டு மது தொட்டதில்ல டாக்டர். அவருக்கு எப்படி ஈரல் கெட்டுப்போகும்?”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அடிக்கடி எழும் கேள்வி இது. உள்ளே படுத்திருப்பவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்தவர். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, “பம்பிங் குறைவாக இருக்கிறது” என்று அப்போதே சொல்லியிருப்பார்கள். ஒரு மாதமாகக் கால் வீக்கம். படுத்தால் மூச்சு வாங்குகிறது. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. முந்தின இரவு இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடி, ரத்த அழுத்தம் இறங்கி, ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தார். மறுநாள் காலை ரத்தப் பரிசோதனையில், 40க்குள் இருக்கவேண்டிய எஸ்ஜிஓடி என்ற கல்லீரல் நொதி 6,000 என்று வருகிறது. இதய நோயாளிகள் வந்துபோகும் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம்.

மதுவும் இதற்குக் காரணமில்லை, மஞ்சள் காமாலைக் கிருமியும் காரணமில்லை. கல்லீரலுக்குப் போகவேண்டிய ஆக்ஸிஜன் சில மணி நேரம் போய்ச் சேரவில்லை. மருத்துவர்கள் இதை இஸ்கீமிக் ஹெபடைட்டிஸ் என்றோ ஹைபாக்ஸிக் ஹெபடைட்டிஸ் என்றோ எழுதுவார்கள். வார்டில் பேசும்போது ‘ஷாக் லிவர்’ என்பார்கள். உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கணக்கின்படி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்பவர்களில் 100க்கு இரண்டு மூன்று பேருக்கு இது வருகிறது. வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீடு திரும்புவதில்லை. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் கல்லீரல் செயலிழந்து இறப்பதில்லை. கல்லீரலை அந்த நிலைக்குத் தள்ளிய இதயநோயோ தொற்றோதான் உயிரைப் பறிக்கிறது. இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கல்லீரலின் எடை சுமார் ஒன்றரை கிலோ. உடல் எடையில் 2 சதவீதம் சொச்சம். ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் கால் பங்கு அதற்குத்தான் போகிறது. நிமிடத்துக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை. இந்த ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று கல்லீரல் தமனி. இதயத்திலிருந்து வரும் புது ரத்தம். மற்றொன்று போர்ட்டல் சிரை. இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் எல்லாவற்றையும் சுற்றி, அங்கே ஆக்ஸிஜனில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, செரித்த உணவின் சத்தைச் சுமந்துகொண்டு வரும் ரத்தம். அளவில் நான்கில் மூன்று பங்கு போர்ட்டல் வழியாகத்தான் வருகிறது. ஆக்ஸிஜன் கணக்கில் மட்டும் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி.

இரண்டு வழிகளுக்கும் இடையே ஓர் ஏற்பாடும் உண்டு. போர்ட்டல் ரத்தம் குறைந்தால் கல்லீரல் தமனி தானாக விரிந்து கூடுதல் ரத்தத்தைக் கொண்டுவரும். கனடாவைச் சேர்ந்த உடலியல் ஆய்வாளர் வேய்ன் லாட் 1980களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தமனியும் போர்ட்டல் கிளையும் சேர்ந்து ஓடும் நுண்ணிய இடத்தில் அடினோசின் என்ற வேதிப்பொருள் எப்போதும் சுரந்துகொண்டிருக்கிறது. போர்ட்டல் ஓட்டம் நன்றாக இருக்கும்வரை அது அடித்துச் செல்லப்படும். ஓட்டம் குறைந்தால் அங்கேயே தேங்கி, தமனியின் சுவரைத் தளர்த்தும். நரம்பின் உத்தரவு எதுவும் தேவையில்லை. ஆனால் இந்த உதவி ஒருவழிதான். தமனியில் ரத்தம் குறைந்தால் போர்ட்டல் சிரையால் ஈடுகட்ட முடியாது, அதற்கு வருவது குடல் அனுப்பும் ரத்தம் மட்டுமே.

இரண்டு ரத்தமும் கல்லீரலுக்குள் நுழைந்ததும் சைனுசாய்ட் எனப்படும் மெல்லிய கால்வாய்களில் கலந்து, கல்லீரல் செல் வரிசைகளின் ஓரமாக ஓடி, நடுவிலுள்ள மையச் சிரையில் வடிகின்றன. இந்தப் பயணம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டே விடுவதால், ரத்தம் உள்ளே நுழையும்போது 60 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இருந்த ஆக்ஸிஜன் அழுத்தம் மையச் சிரையை எட்டும்போது 30க்கு அருகில் இறங்கிவிடுகிறது. டொரண்டோவில் பணியாற்றிய ஆரன் ராப்பபோர்ட் 1954இல் இந்தப் பாதையை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார். ரத்தம் நுழையும் இடம் முதல் மண்டலம். மையச் சிரையைச் சுற்றியிருப்பது மூன்றாவது.

காவிரிப் படுகையின் கடைமடை விவசாயியின் நிலைதான் மூன்றாம் மண்டலச் செல்லுக்கும். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவர் வயல். மழைக்காலத்தில் வடிகால் தூர்ந்திருந்தால் முதலில் மூழ்குவதும் அவர் வயல்தான்.

சாதாரண நாட்களில் இந்தக் குறைந்த ஆக்ஸிஜன் ஒரு குறையே இல்லை. கல்லீரல் தன் வேலைகளையே அதற்கேற்பப் பிரித்து வைத்திருக்கிறது. ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படும் வேலைகள், அதாவது புதிதாகக் குளுக்கோஸ் செய்வது, கொழுப்பை எரிப்பது போன்றவை முதல் மண்டலத்தில் நடக்கின்றன. மருந்துகளையும் மதுவையும் உடைக்கும் நொதிகள் மூன்றாம் மண்டலத்தில் குவிந்திருக்கின்றன. அளவுக்கு மிஞ்சி விழுங்கிய பாரசிட்டமால் அழிப்பதும் இதே மூன்றாம் மண்டலத்தைத்தான். அங்குள்ள நொதிகள்தான் அதை நச்சாக மாற்றுகின்றன. அதனால்தான் எஸ்ஜிஓடி ஆயிரக்கணக்கில் வந்தவுடன் மருத்துவர் முதலில் “என்னென்ன மாத்திரை சாப்பிட்டார்? எத்தனை?” என்று துருவித் துருவிக் கேட்கிறார்.

இந்த நோயில் இறந்த ஒருவரின் கல்லீரல் சீவலை நுண்ணோக்கியில் பார்த்தால் பிரச்சினை எங்கே என்பது பளிச்சென்று தெரியும். ஹீமடாக்ஸிலின் என்ற சாயம் செல்லின் உட்கருவை ஊதாவாகவும், ஈயோசின் என்ற சாயம் மற்றதை இளஞ்சிவப்பாகவும் காட்டும். சீவலின் ஓரத்தில், ரத்தம் நுழையும் இடத்தில், செல்கள் பலகோண வடிவில் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா உட்கரு. கண்ணை மையச் சிரையை நோக்கி நகர்த்தினால், ஓரிடத்தில் உட்கருக்கள் மங்குகின்றன. அடுத்த சில வரிசைகளில் உட்கருவே இல்லை. செல்லின் உருவம் அப்படியே இருக்கிறது, நிறம் மட்டும் அடர்ந்த இளஞ்சிவப்பு, உள்ளே ஒன்றுமில்லை. அந்த வரிசைகளுக்கு இடையிலுள்ள கால்வாய்கள் காலியாகவும் இல்லை. விரிந்து, பிதுங்கி, சிவப்பணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ரத்தம் கிடைக்காமல் செத்த செல்களைச் சுற்றி ரத்தம் நிறைந்து நிற்கிறது. முதன்முறை பார்ப்பவரை இது குழப்பும். இந்த நோயின் உண்மையான விடை அந்தக் குழப்பத்துக்குள்தான் இருக்கிறது.

வெறும் ரத்தக் குறைவை மட்டும் கல்லீரல் எவ்வளவு தாங்கும்? அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு இது நூறாண்டுக்கும் மேலாகத் தெரியும். கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் 1908இல், அடிபட்டுக் கிழிந்த கல்லீரலிலிருந்து பீறிடும் ரத்தத்தை நிறுத்த, கல்லீரலுக்குள் நுழையும் தமனியையும் போர்ட்டல் சிரையையும் சேர்த்து விரல்களுக்கிடையே அழுத்திப் பிடிக்கும் முறையை எழுதினார். இன்றும் கல்லீரலில் கட்டியை வெட்டியெடுக்கும்போது அதே இடத்தில் கவ்வி போடுகிறார்கள். வழக்கமாக 15 நிமிடம் இறுக்கி, 5 நிமிடம் தளர்த்தி, மறுபடி இறுக்குவார்கள். ஆரோக்கியமான கல்லீரல் இப்படி மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உள்ளே வரும் ரத்தம் இல்லாமல் இருந்துவிட்டு மீண்டெழும். சாதாரணமாக அது தனக்கு வரும் ஆக்ஸிஜனில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் எடுக்கிறது. வரத்து குறைந்தால் கிட்டத்தட்ட முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. இவ்வளவு பெரிய கையிருப்பு வேறு பல உறுப்புகளுக்குக் கிடையாது.

அப்படியானால், ரத்த அழுத்தம் அரைமணி நேரம் இறங்கியதற்கே ஒருவரின் கல்லீரல் ஏன் இப்படிச் சிதைகிறது?

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சீட்டோ, ஃபென், ராக்கி ஆகிய மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டனர். இஸ்கீமிக் ஹெபடைட்டிஸ் வந்த 31 பேரை ஒரு பக்கம் வைத்தார்கள். மறுபக்கம், விபத்திலோ காயத்திலோ ரத்தம் இழந்து, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 75க்கும் கீழே போய்க் குறைந்தது கால்மணி நேரம் அப்படியே கிடந்த 31 பேர். கடுமையான அழுத்தக் குறைவு மட்டுமே காரணமென்றால் இரண்டாவது கூட்டத்திலும் பலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. முதல் கூட்டத்திலோ, அத்தனை பேருக்கும் இதயநோய் இருந்தது. 29 பேருக்கு இதயத்தின் வலப்பக்கம் பலவீனப்பட்டிருந்தது. எளிய கேள்வி, சிறிய எண்ணிக்கை, ஆனால் இந்தத் துறையில் நான் படித்தவற்றில் சிந்தனையை இந்த அளவுக்குத் திருப்பிய ஆய்வு குறைவு.

வலப்பக்க இதயத்தின் வேலை, உடலெங்கும் சுற்றி வரும் ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புவது. அது திணறினால் வந்த ரத்தம் வாசலிலேயே தேங்கும். அந்த வாசலுக்கு மிக அருகில் இருப்பது கல்லீரல். அதன் சிரைகளில் திரும்பி வரும் ரத்தத்தைத் தடுக்க வால்வுகள் இல்லை. இங்கே எண்களைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கைப்பட்டையில் நாம் அளக்கும் தமனி அழுத்தம் 120, 80 என்று இருக்கும். போர்ட்டல் சிரையில் அழுத்தம் 5லிருந்து 10 மில்லிமீட்டர்தான். வெளியேறும் பக்கத்தில், வல மேலறையில், அதைவிடச் சற்றுக் குறைவு. இந்தச் சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ரத்தத்தைக் கல்லீரலுக்குள் நகர்த்துகிறது. இதயம் பலவீனமானவரிடம் வல மேலறை அழுத்தம் 15, 20 என்று ஏறிவிடும். அப்போது வடிகால் அடைபட்டதற்குச் சமம். செல்களைச் சுற்றி நீர் கோர்க்கிறது, ஆக்ஸிஜன் கடக்கவேண்டிய தூரம் கூடுகிறது, ஓட்டம் மந்தமாகிறது. கல்லீரல் தன் கையிருப்புத் திறன் முழுவதையும் செலவழித்து அன்றாடத்தை ஓட்டுகிறது. வெளியே தெரிவது விலா எலும்புக்குக் கீழே ஒரு கனம், பசியின்மை, அவ்வளவுதான். இப்படி நெடுநாள் தேங்கிய கல்லீரலை வெட்டிப் பார்த்தால் அடர்சிவப்பும் வெளிர்மஞ்சளும் மாறி மாறித் தெரியும். ஜாதிக்காய் ஈரல் என்பது நோய்க்குறியியலில் அதற்குப் பெயர்.

தேக்கம் மட்டும் தனியாக என்ன செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் ஃபோன்டான் 1971இல் வெளியிட்ட அறுவை சிகிச்சை, ஒரே ஒரு கீழறை மட்டும் வேலை செய்யும் இதயத்தோடு பிறந்த குழந்தைகளுக்கானது. உடலிலிருந்து திரும்பும் ரத்தத்தை இதயத்தின் உதவியில்லாமலே நேராக நுரையீரலுக்குத் திருப்பிவிடுவார்கள். எத்தனையோ குழந்தைகள் இதனால் பெரியவர்களாக வளர்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய கல்லீரல் வாழ்நாள் முழுவதும் உயர்ந்த சிரை அழுத்தத்தில் இருக்கிறது. பத்து, இருபது ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தழும்பு ஏறுகிறது. ஒரே இரவில் எஸ்ஜிஓடி ஆயிரங்களைத் தொடுவதில்லை.

ஆக, வரத்துக் குறைவு தனியாக வந்தால் கல்லீரல் சமாளிக்கிறது. தேக்கம் தனியாக வந்தால் ஆண்டுக்கணக்கில் தழும்பேறுகிறது. தேக்கத்தில் திணறிக்கொண்டிருக்கும் கல்லீரலுக்கு வரத்தும் நின்றால்தான் அந்த 6,000.

இந்த எண் ஏறி இறங்கும் விதமே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். அழுத்தம் இறங்கிய அன்று இரவு எடுத்த ரத்தத்தில் எஸ்ஜிஓடி 80, 90 என்றுதான் இருக்கலாம். 24 மணி நேரத்துக்குள் ஆயிரங்களுக்குத் தாவும். உடைந்த செல்களிலிருந்து எல்டிஹெச் என்ற இன்னொரு நொதியும் பெருமளவு கொட்டும். வைரஸ் காமாலையில் அது இந்த அளவுக்கு ஏறாது. ரத்த ஓட்டம் சீரானதும் எண்கள் ஏறிய வேகத்திலேயே இறங்கத் தொடங்கும். எஸ்ஜிஓடி ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 17 மணி நேரம் போதும். எஸ்ஜிபிடி என்ற மற்றொரு கல்லீரல் நொதிக்கு 47 மணி நேரம். அதனால் முதல் நாள் எஸ்ஜிஓடி 6,000, எஸ்ஜிபிடி 4,000 என்று இருந்த ஒருவரிடம், மூன்றாம் நாள் முந்தியது ஆயிரத்துக்கு அருகில் இறங்கிவிட, பிந்தியது இன்னும் 2,000ஐ ஒட்டி நிற்கும். வரிசை மாறியதைக் கண்டு குடும்பத்தினர் பயப்படுவார்கள். அது நல்ல செய்தி. புதிதாகச் செல்கள் சாகவில்லை என்று பொருள். ஏழிலிருந்து பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் இயல்புக்கு வந்துவிடும். எண்கள் இறங்கிய பிறகு கண்ணில் லேசாக மஞ்சள் தெரிய வரலாம், ஏனென்றால் மஞ்சள் நிறமியான பிலிரூபின் தாமதமாகத்தான் ஏறும்.

நோயாளியின் தலைமாட்டில் கீழாநெல்லி வந்து சேர்வது இந்தச் சமயத்தில்தான். கொண்டுவருபவரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இதயம் பலவீனமாகி, சிறுநீரகமும் அடிவாங்கியிருக்கும் ஒருவருக்கு, மருத்துவருக்குத் தெரியாமல் எந்தச் சாற்றையும் ஊட்டக் கூடாது. கல்லீரலுக்கென்று தனியாகத் தரக்கூடிய, பலன் நிரூபிக்கப்பட்ட மருந்து இந்த நோயில் எந்த முறையிலும் இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் வேறிடத்தில் இருக்கிறது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரத்த அழுத்தம் குறைந்தால் சலைன் ஏற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. ரத்தம் இழந்தவருக்கும் வாந்தி பேதியில் வற்றியவருக்கும் அதுதான் உயிர் காக்கும். ஆனால் வல மேலறையில் ஏற்கெனவே அழுத்தம் எகிறி நிற்பவருக்குப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் வடிகாலை இன்னும் அடைப்பதாகவே முடியும். அவருக்குத் தேவை இதயத் துடிப்பைச் சீராக்குவது, சுருங்கும் வலுவைக் கூட்டும் மருந்து, தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது. அழுத்தம் குறைந்த நோயாளிக்கு நீர் பிரியும் ஊசி போடுவதைப் பார்த்து உறவினர்கள் பதறுவது இயல்பு. யாருக்கு எதைச் செய்வது என்பதை எக்கோவும், கழுத்துச் சிரையின் புடைப்பும், பக்கத்தில் நின்று கவனிக்கும் மருத்துவரின் அனுபவமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. கூடவே சர்க்கரையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளுக்கோஸ் தயாரிக்கும் உறுப்பே அடிபட்டிருப்பதால் அது திடீரென்று இறங்கிவிடும். மயக்க நிலையில் இருப்பவரிடம் இது எளிதில் கண்ணில் படாது.

இதயம் மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. பெல்ஜியத்தில் ஜான் ஆன்ரியோன் என்ற மருத்துவர் தொடர்ச்சியாக வந்த 142 நிகழ்வுகளை அளந்து 2003இல் எழுதினார். அவற்றில் ஏறத்தாழ பாதியில்தான் கண்ணுக்குத் தெரியும் அதிர்ச்சி நிலை, அதாவது அழுத்தம் சரிந்த கட்டம் இருந்தது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளில் ரத்தம் போதுமான அளவு வந்தும் அதில் ஆக்ஸிஜன் இல்லை. கடுமையான தொற்றில் ரத்தமும் வருகிறது, ஆக்ஸிஜனும் வருகிறது, ஆனால் தேவை கூடிவிட்டது, செல்லால் எடுத்துப் பயன்படுத்தவும் முடியவில்லை. நம் ஊர் மழைக்காலத்து டெங்குவிலும் இந்த நிழல் விழுகிறது. டெங்கு வைரஸே எஸ்ஜிஓடியை ஓரளவு ஏற்றும். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களிடம் ஆக்ஸிஜன் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ளும்போதுதான் அது ஆயிரங்களுக்குத் தாவுகிறது.

ரத்தம் திரும்பி வருவதும் முற்றிலும் சுகமான நிகழ்ச்சி இல்லை. ஆக்ஸிஜன் இல்லாமல் முடங்கிக் கிடந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அது திடீரென்று பாயும்போது, செல்லையே அரிக்கும் வீரியமுள்ள மூலக்கூறுகள் உருவாகின்றன. கால்வாய்ச் சுவரில் குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் அழற்சியைத் தூண்டுகின்றன. இதை மிக நெருக்கமாக ஆராய்ந்தவர்கள் உறுப்பு மாற்று மருத்துவர்கள். தானமாகப் பெற்ற கல்லீரல் பெரும்பாலும் ரத்தமில்லாமல் பல மணி நேரம் இருந்துவிட்டுத்தான் புது உடலுக்குள் போகிறது. சென்னையில் பச்சை வழித்தடம் அமைத்து ஆம்புலன்ஸை விரட்டுவதெல்லாம் இந்த நேரத்தைச் சுருக்கத்தான். பனிப்பெட்டியில் குளிர வைப்பதற்குப் பதில், உடல் வெப்பத்திலேயே ரத்தத்தை ஓடவிட்டு இயந்திரத்தில் கல்லீரலை வைத்திருக்கும் முறையை ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் 220 மாற்று அறுவை சிகிச்சைகளில் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். நொதி அளவைக் கொண்டு கணித்ததில் பாதிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

இதயம் மீண்டவர்களிடம் கல்லீரலும் மீள்கிறது, அதுவும் வியக்கத்தக்க முறையில். செத்த செல்கள் நின்ற இடத்தில் இழைகளாலான சட்டகம் குலையாமல் இருக்கிறது. தின்னும் செல்கள் வந்து சடலங்களை அகற்றிவிட்டுப் போக, புதுச் செல்கள் அதே சட்டகத்தில் வரிசை பிடிக்கின்றன. அவை எங்கிருந்து வருகின்றன? எலிகளில் செய்த ஆய்வுகள் 2021இல் ஒரு விடை தந்தன. கல்லீரலை அன்றாடம் புதுப்பிப்பதில் முன்னிற்பவை இரண்டாம் மண்டலச் செல்கள். குடலிலிருந்து வரும் நச்சு முதல் மண்டலத்தைத் தாக்குகிறது, ஆக்ஸிஜன் பஞ்சம் மூன்றாவதைத் தாக்குகிறது. நடுவிலிருப்பவை இரண்டிலிருந்தும் தப்பி, இரு பக்கமும் ஆள் அனுப்புகின்றன. சில மாதங்கள் கழித்து அந்தக் கல்லீரலைச் சோதித்தால் பெரும்பாலும் தழும்புகூட இருக்காது.

அதனால் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கல்லீரலுக்கென்று மாத்திரை எதுவும் இருக்காது. இதய மாத்திரைகள், நீர் மாத்திரை, உப்புக் கட்டுப்பாடு, மறுபடி எக்கோ எடுக்க வேண்டிய தேதி. கூடவே ஒரு குறிப்பு: தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும், மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் அன்றே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.